ஜூஜூவாடிக்கு அந்தப் பக்கம் என்ன வெளிநாடா?

"கொரோனா வந்துச்சு, வியாபாரம் படுத்துச்சு. இதுல யாரைக் குத்தம் சொல்ல முடியும்?"

இந்த வசனத்தை ஓசூரில் எத்தனை பேர் வாயால கேட்டிருப்பேன்னு கணக்கே இல்லை. டீக்கடையில, பேங்க் வரிசையில, கல்யாணப் பந்தியில, எங்க போனாலும் இதே பாட்டு. சொல்றவங்க யாரும் கெட்டவங்க இல்லை. நடந்ததை மறந்துட்டு அடுத்த வேலையைப் பார்க்கணும்னு நினைக்கிறவங்க. ஆனா எனக்கு இதைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது. ஏன்னா இது பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் சொல்றதா காணோம். அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

முதல்ல வெளியூர் நண்பர்களுக்காக கொஞ்சம் பூகோளம். ஓசூர் தமிழ்நாட்டோட ஓரம். சென்னை முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல. எங்க மாவட்டத் தலைநகர் கிருஷ்ணகிரியே ஐம்பது கிலோமீட்டர். பெங்களூரோ நாற்பது. ஓசூர்ல இருந்து எட்டு பத்து கிலோமீட்டர் போனா ஜூஜூவாடி செக்போஸ்ட், அதைத் தாண்டினா அத்திப்பள்ளி, கர்நாடகா. நடுவுல ஆறு கிடையாது, மலை கிடையாது. ஒரு வளைவு, ரெண்டு செக்போஸ்ட், அப்புறம் போர்டுல எழுத்து மாறும், அவ்வளவுதான். ஊருக்குள்ள ஒரே தெருவுல தெலுங்கு, கன்னடம், தமிழ், உருது நாலும் கேட்கலாம். 1970கள்ல இங்க சிப்காட் போட்டதும், அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் எல்லாம் வந்து உட்கார்ந்ததும் சென்னைக்குப் பக்கம்னா? பெங்களூருக்குப் பக்கம்னுதான். அதாவது இந்த ஊரோட பிழைப்பே அந்தக் கோட்டைத் தாண்டிப் போய் வர்றதுதான். பொம்மசந்திராவிலயும் எலக்ட்ரானிக் சிட்டியிலயும் வேலை பார்த்துட்டு வாடகை கம்மின்னு ஓசூர்ல குடியிருக்கிறவன், அங்க இருந்து இங்க ஃபேக்டரிக்கு வர்றவன், தளியில பறிச்ச பூவை விடியறதுக்குள்ள கே.ஆர். மார்க்கெட்டுல இறக்குறவன், கிட்னி டயாலிசிஸுக்கு வாரம் ரெண்டு தடவை போறவர்... இப்படி.

கிருஷ்ணகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி திறந்ததே 2022 ஜனவரியிலதான். 2020ல பெரிய வியாதின்னா எங்களுக்கு ஆஸ்பத்திரி பெங்களூர். இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க.

இப்ப 2020க்குப் போவோம். மார்ச் 24 ராத்திரி பிரதமர் டிவியில வந்தார். 25ல இருந்து நாடு மூடல். அதை நான் குறை சொல்லப் போறதில்லை. புது வியாதி, மருந்து இல்லை, யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ஏப்ரல் முடிவுல மத்திய அரசு சிவப்பு, ஆரஞ்சு, பச்சைன்னு மாவட்டங்களைப் பிரிச்சப்ப, தமிழ்நாட்டுலயே பச்சையா இருந்த ஒரே மாவட்டம் எங்க கிருஷ்ணகிரி. பார்டரை மூடினதாலதான் பச்சைன்னு அதிகாரிங்க சொன்னா, அந்த ரெண்டு மாசத்துக்கு நான் ஒத்துக்கிறேன். மே மாசம் பச்சை போச்சு. ஜூன், ஜூலையில வியாதி கோட்டுக்கு இந்தப் பக்கமும் இருக்கு, அந்தப் பக்கமும் இருக்கு. என் சண்டை அங்க இருந்துதான் ஆரம்பிக்குது. ரெண்டு பக்கமும் இருக்கிற ஒரு கிருமியை நடுவுல கயிறு கட்டி எதுக்குத் தடுக்கணும்?

ஆனா கட்டினாங்க. எப்படிக் கட்டினாங்கன்னு பாருங்க, அது தனி கூத்து.

ஜூன் 1ல தமிழ்நாட்டை மண்டலம் மண்டலமா பிரிச்சு பஸ் விட்டாங்க. எங்க மண்டலத்துல கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டை. ஓசூர்க்காரன் பாஸ் இல்லாம ராணிப்பேட்டை போகலாம். அங்க எனக்கு என்ன வேலை? தெரியலை. பத்து கிலோமீட்டர்ல இருக்கிற அத்திப்பள்ளிக்குப் போகக்கூடாது. சேலம் வேற மண்டலம், அங்கயும் போகக்கூடாது. மேப்பை விரிச்சு வச்சு ஸ்கேல்ல கோடு போட்ட மகானுபாவர் யாருன்னு தெரிஞ்சா ஒரு கும்பிடு போடலாம். அந்த பஸ்ஸும் ஒரு மாசம்தான். ஜூலை 1ல அதையும் நிறுத்தியாச்சு.

அந்தப் பக்கம் மட்டும் ஒழுங்கா? மே 18ல கர்நாடகா ஒரு உத்தரவு போட்டது. மகாராஷ்டிரா, குஜராத், கேரளா, தமிழ்நாடு, இந்த நாலு மாநிலத்துக்காரனும் மாசக் கடைசி வரை உள்ள வரக்கூடாது. அப்புறம் சேவா சிந்துல பதிவு, தனிமைப்படுத்தல்னு ஆளாளுக்கு ஒரு விதி. ஜூலை 14 ராத்திரியில இருந்து 22 காலை வரை பெங்களூர் மறுபடி முழு மூடல். ஆகஸ்ட்ல பெங்களூர் ஞாயித்துக்கிழமை திறந்திருக்கு, தமிழ்நாட்டுல ஞாயித்துக்கிழமைன்னா முழு ஊரடங்கு. ஓசூர் கடைவீதிக்கு வாரத்துல ஞாயிறுதானே நாள்! அங்க திறந்தா இங்க பூட்டு, இங்க திறந்தா அங்க பூட்டு.

ஜூலை 29ல மத்திய உள்துறை தெளிவா எழுதியே கொடுத்தது. மாநிலத்துக்குள்ளயும் சரி, மாநிலம் விட்டு மாநிலமும் சரி, ஆள் போகவோ சரக்கு போகவோ தனி அனுமதி, இ-பெர்மிட் எதுவும் வேண்டாம்னு. யாரும் கேட்கலை. ஆகஸ்ட் 22ல உள்துறைச் செயலாளர் எல்லா மாநிலத்துக்கும் மறுபடி கடிதம் போட வேண்டியதாப் போச்சு. கர்நாடகா ரெண்டு நாள்ல பதிவையும் தனிமைப்படுத்தலையும் தூக்கிடுச்சு. தமிழ்நாடு? செப்டம்பர் 1ல மாவட்டத்துக்கு மாவட்டம் இ-பாஸை எடுத்துட்டு, வெளிமாநிலத்துல இருந்து வர்றவங்களுக்கு மட்டும் பத்திரமா வச்சுக்கிச்சு. செப்டம்பர் 7ல மாநிலம் பூரா பஸ் ஓட ஆரம்பிச்சது. கன்னியாகுமரியில ஏறி ஓசூர்ல இறங்கலாம். ஓசூர்ல ஏறி அத்திப்பள்ளியில இறங்க முடியாது. பார்டர் வரைக்கும் பஸ், அங்க இறங்கி பையைத் தலையில வச்சுக்கிட்டு நடை, அந்தப் பக்கம் போய் வேற பஸ். அந்த நடையை நானும் நடந்திருக்கேன். நடந்து போனா கொரோனா ஒட்டாது, பஸ்ல போனாத்தான் ஒட்டும் போல.

சரி, இ-பாஸ் வாங்கிக்கிட்டுப் போக வேண்டியதுதானேன்னு கேட்பீங்க. பொதுஜனம் இ-பாஸ் கேட்க முதல்ல வச்சிருந்த காரணங்கள் என்ன? கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி அவசரம், எங்கயாவது மாட்டிக்கிட்டவன் ஊர் திரும்புறது. "சிக்பேட்டையில துணி எடுக்கணும், நாளைக்குக் கடை திறக்கணும்" அப்படீங்கறது காரணப் பட்டியல்லயே இல்லை. பெரிய கம்பெனிக்கு அனுமதி உண்டு. ஆலை பேரு, ஆள் பட்டியல், கம்பெனி பஸ், சானிடைசர் எல்லாம் காட்டி வாங்கிடலாம். டிவிஎஸ் 2020 மே 6லயே தன் ஆலைகளைத் திறந்தாச்சு. திறந்தது நல்லதுதான், பல ஆயிரம் குடும்பத்துக்கு சோறு. ஆனா அதே ஊர்ல அதே ஆலை வாசல்ல டீ விக்கிறவன், பால் பவுடரும் கப்பும் வாங்க அத்திப்பள்ளி மொத்தக் கடைக்குப் போகணும்னா அவனுக்கு என்ன லெட்டர்ஹெட் இருக்கு? கடைக்கு போர்டே கிடையாது.

ஆக, நடமாட்டம் குறைஞ்சதுன்னு சொல்றது தப்பு. யார் நடமாடலாம்னு பிரிச்சாங்க. லெட்டர்ஹெட் வச்சிருந்தவன் போனான். மத்தவன் நின்னான். (சாராயமும் போச்சுங்க, அதை விட்டுட்டேனே! கர்நாடகா மே 4ல கடையைத் திறந்தது. நம்ம டாஸ்மாக் 7ல திறந்து, 8ல ஹைகோர்ட் மூடச் சொல்லி, சுப்ரீம் கோர்ட் போய் 16ல மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில மூட்டைக்கு அடியில, தண்ணி கேனுக்குள்ள கர்நாடகச் சரக்கு பிடிபட்ட செய்தியாத்தான் பேப்பர்ல. கோட்டைத் தாண்டத் தெரிஞ்சவனுக்கு எப்பவும் வழி உண்டு.)

இந்த நேரத்துல ஒரு படித்த நண்பர் கூகுள் மொபிலிட்டி ரிப்போர்ட்டைக் காட்டி என்னோட வாதாடினார். தெரியாதவங்களுக்கு: 2020 ஏப்ரல்ல இருந்து கூகுள் நம்ம போன் எங்க போகுதுங்கறதை மொத்தமா சேர்த்து, பேர் இல்லாம, கடைகள், மளிகை-மருந்து, பூங்கா, பேருந்து-ரயில் நிலையம், வேலையிடம், வீடு அப்படீன்னு ஆறு தலைப்புல கிராஃப் போட்டுச்சு. 2020 ஜனவரி 3 முதல் பிப்ரவரி 6 வரை உள்ள நாட்களை சராசரி நாளா வச்சு அதுக்கு மேலயா கீழயான்னு காட்டும். 2022 அக்டோபர்ல நிறுத்திட்டாங்க. நண்பர் சொன்னது: "பாருங்க, கோடு மேல ஏறிடுச்சு. ஜனங்க வெளிய வந்தாச்சு. உங்க ஊர் கடைக்காரங்க சும்மா புலம்புறாங்க."

கோடு ஏறிச்சு சார். யாரோட கோடு? இந்தியாவுக்குள்ள அந்தக் கணக்கு மாநிலம், மாவட்டம்னுதான் பிரியும். ஊத்தங்கரையில ஒருத்தர் மளிகைக்குப் போனதும், போச்சம்பள்ளி சந்தைக்கு ஒருத்தர் வந்ததும், ஓசூர் பஸ் ஸ்டாண்டுல பெங்களூர் பஸ்ஸே இல்லாம காக்கா உட்கார்ந்திருந்ததும் ஒரே சட்டியில வேகும். வேகவச்சு எடுத்தா சராசரி. அத்திப்பள்ளிக்காரன் ஓசூருக்கு வராம அத்திப்பள்ளியிலயே வாங்கினா அவனோட புள்ளி பெங்களூர் கணக்குல ஒழுங்கா ஏறும். இங்க வராம போனது எந்த கிராஃப்லயும் தெரியாது. நமக்கு வேண்டியது அந்த வராத ஆளோட கணக்கு. அது யார்கிட்ட இருக்கு? கல்லாப்பெட்டிகிட்ட இருக்கு.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல டூவீலர் ஸ்டாண்டு போட்டிருக்கிற அண்ணன் ஒருத்தர் எனக்குப் பழக்கம். சூளகிரி, கெலமங்கலம், பாகலூர் பக்கத்துல இருந்து வண்டியில வந்து, அங்க நிறுத்திட்டு பெங்களூர் பஸ் ஏறுறவங்கதான் அவருக்கு வாடிக்கை. லாக்டவுன் தளர்த்தியாச்சு, டீக்கடை திறந்தாச்சு, துணிக்கடை திறந்தாச்சு. அவரும் ஸ்டாண்டைத் திறந்து உட்கார்ந்தார். யார் வண்டி விடுவாங்க? ஊருக்குள்ள வர்றவன் கடை வாசல்லயே நிறுத்திக்குவான். "என் கடை திறந்துதான் இருக்குது தம்பி, ரோடுதான் மூடியிருக்குது" அப்படீன்னார். எந்தப் பொருளாதார நிபுணரும் இவ்வளவு சுருக்கமா சொல்லலை. சட்டப்படி அவர் கடைக்குத் தடை கிடையாது. அதனால அவர் நஷ்டம் எந்தக் கணக்கிலயும் "ஊரடங்கால் மூடப்பட்ட நிறுவனம்"னு வராது.

இதே கதைதான் பஸ் ஸ்டாண்டு வாசல்ல பூ கட்டி விக்கிற அம்மாவுக்கு, விடிகாலை இட்லிக்கடைக்கு, ஜெராக்ஸ் கடைக்கு, பொம்மசந்திரா பசங்களை நம்பி மாடியில ரூம் கட்டி விட்ட ரிட்டயர்டு வாத்தியாருக்கு.

பூ விஷயம் இன்னும் கொடுமை. ஓசூர், தளி, பாகலூர், பேரிகை பக்கம் பாலிஹவுஸ் ரோஜா. பிப்ரவரி 14க்கு வெளிநாடு போற ரோஜா இங்க இருந்துதான் நிறைய. மீதி வருஷம் பூரா கோயில், கல்யாணம், பெங்களூர் மார்க்கெட். ரோஜாச் செடிகிட்ட போய் "ஊரடங்கு, கொஞ்சம் பூக்காம இரு"ன்னு சொல்ல முடியுமா? பூவை விட்டுட்டா செடி வீணாகும், அடுத்த பறிப்பு கெடும். அதனால ஆள் வச்சு, கூலி கொடுத்து, பறிச்சு, குப்பையில கொட்டணும். பறிக்கவும் காசு, கொட்டவும் காசு. கூடவே பாலிஹவுஸுக்கு வாங்கின பேங்க் கடன்.

சரக்கு வண்டிக்குத் தடை இல்லையேன்னு அதிகாரி சொல்லுவார். தடை இல்லை, சரி. ஆனா கே.ஆர். மார்க்கெட்டும் கலாசிப்பாளையமும் செப்டம்பர் 1 வரைக்கும் திறக்கவே இல்லையே. கர்நாடகாவுல கோயில் திறந்தது ஜூன் 8, தமிழ்நாட்டுல பெரிய கோயில் எல்லாம் செப்டம்பர் 1. அந்த மூணு மாசம் அங்க சாமிக்குப் பூ வேணும், இங்க பூ கொட்டிக் கிடக்கு. நடுவுல சில்லறையா கூடையில எடுத்துக்கிட்டு பஸ்ஸுல போய் வித்துட்டு வர்ற ஆளுக்கு பஸ்ஸும் இல்லை, பாஸும் இல்லை. லாரி போகும், கூடைக்காரி போக முடியாதுன்னா அது சரக்குப் போக்குவரத்து இல்லைங்க. சின்ன வியாபாரத்துல ஆளும் சரக்கும் ஒண்ணு. இதைப் புரிஞ்சுக்க ஐஏஎஸ் வேணாம், ஒரு நாள் காலையில நாலு மணிக்கு பாகலூர் ரோட்டுல நின்னா போதும்.

எதிர்வாதம் ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லாம போனா நியாயம் இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்து ஆஸ்டன் கூல்ஸ்பீ, சாட் சிவர்சன்னு ரெண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் 2020ல ஒரு ஆய்வு செஞ்சாங்க. போன் தரவை வச்சு அமெரிக்காவுல இருபது லட்சத்துக்கும் மேல கடை கண்ணிகளைப் பார்த்தாங்க. ஒரே வட்டாரத்துல ஒரு பக்கம் ஊரடங்கு உத்தரவு, அடுத்த பக்கம் இல்லைங்கற மாதிரி எல்லை ஊர்களை ஒப்பிட்டாங்க. கடைக்கு வர்ற கூட்டம் 60 சதவீதம் விழுந்தது, அதுல அரசு உத்தரவால விழுந்தது வெறும் 7தான், மீதி ஜனங்க பயந்து தாங்களா வீட்டுல இருந்ததுன்னு முடிவு. நம்ம "யாரைக் குத்தம் சொல்ல" கோஷ்டிக்கு இது அல்வா மாதிரி. உத்தரவு காரணமில்லை, பயம்தான் காரணம்!

ஆனா அந்த ஆய்வையே ஒழுங்காப் படிச்சா நம்ம கதைக்கு அது பொருந்தாது. அங்க ஒரு பக்கம் கடை மூடினா ஜனம் கோட்டைத் தாண்டி அடுத்த பக்கம் போகலாம். கடைக்குத்தான் உத்தரவு, கோட்டுக்கு இல்லை. இங்க கடை திறந்திருக்கு, கோட்டுக்குப் பூட்டு. ரெண்டும் வேற வேற வைத்தியம்.

பயம்தான் காரணம்னா இன்னொண்ணுக்குப் பதில் சொல்லுங்க. 2020 நவம்பர் 14 தீபாவளி. அதுக்கு மூணு நாள் முன்னாடி, 11ஆம் தேதி, தமிழ்நாடு-கர்நாடகா பஸ் மறுபடி ஓட ஆரம்பிச்சது. 10ஆம் தேதி பயந்துக்கிட்டிருந்த ஜனத்துக்கு 12ஆம் தேதி திடீர்னு வீரம் வந்துடுச்சா? தடுப்பூசியும் அப்ப கிடையாது. இந்தியாவுல அது ஆரம்பிச்சதே 2021 ஜனவரி 16. அந்த வாரம் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தவன் நான். இட்லிக்கடையில நிக்க இடமில்லை. ஸ்டாண்டு அண்ணன் ரெண்டாவது வரிசையில வண்டி அடுக்கிக்கிட்டிருந்தார். மாறினது பயம் இல்லை, பஸ்.

இது எங்க ஊருக்கு மட்டும் வந்த தலைவிதியும் இல்லை. 2020 மார்ச் கடைசியில கர்நாடகா, கேரள எல்லையில ரோட்டுல மண்ணைக் கொட்டி மூடினது நினைவிருக்கா? காசர்கோட்டுக்காரனுக்கு ஆஸ்பத்திரி மங்களூர், எங்களுக்கு பெங்களூர் மாதிரி. தலப்பாடியில ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பி நோயாளிங்க செத்தாங்க. ஏப்ரல் 1ல கேரள ஹைகோர்ட் தடையை எடுக்கச் சொன்னது, விஷயம் சுப்ரீம் கோர்ட் வரை போச்சு. டெல்லியைச் சுத்தி நொய்டா, குர்கான் எல்லையை மூடினப்ப ஜூன் 4ல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிச்சு? தலைநகர் வட்டாரம் பூராவுக்கும் ஒரே கொள்கை, ஒரே பாஸ்னு சேர்ந்து முடிவு பண்ணுங்கன்னு. டெல்லிக்காரன் கேட்டா ஒரே வட்டாரம். ஓசூர்க்காரன் கேட்டா "அது வேற ஸ்டேட்டுப்பா". எங்களுக்காக கோர்ட்டுக்குப் போக ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பெல்ஜியம்-நெதர்லாந்து எல்லையில பார்லேன்னு ஒரு ஊர். எல்லைக்கோடு வீட்டுக்குள்ள, கடைக்குள்ள எல்லாம் போகும். 2020 மார்ச்ல பெல்ஜியம் கடையடைக்கச் சொல்லிச்சு, நெதர்லாந்து சொல்லலை. அங்க ஒரு துணிக்கடையில பாதிக் கடைக்கு டேப் ஒட்டி மூடிட்டாங்க. மீதிப் பாதியில வியாபாரம்! உலகமே சிரிச்சது. ஜூஜூவாடியில ஒட்டின டேப்பைப் பார்த்து யாரும் சிரிக்கலை.

இன்னொரு பழைய கதை. 1898ல பெங்களூர்ல பிளேக். அப்ப ஓசூர் சென்னை மாகாணத்துல சேலம் ஜில்லா, அந்தப் பக்கம் மைசூர் சமஸ்தானம். அப்பவும் இதே கோடுதான். வெள்ளைக்காரன் சென்னை மாகாணத்துல "பிளேக் பாஸ்போர்ட்"னு ஒண்ணு வச்சிருந்தான். நோய் இருக்கிற ஊர்ல இருந்து வர்றவன் கையில ஒரு சீட்டு, போற ஊர்ல சில நாளைக்கு தினம் போய் உடம்பைக் காட்டணும். அந்தக் காலத்துல ஆளைப் பிடிச்சு அடைச்சதும் வீட்டைப் பிரிச்சதும் உண்டு, நான் வெள்ளைக்காரனுக்கு ஆலாத்தி எடுக்க வரலை. ஆனா அந்தச் சீட்டோட அடிப்படை என்ன? நீ போ, நான் உன்னைக் கவனிக்கிறேன். நூத்தி இருபது வருஷம் கழிச்சு, எல்லார் கையிலயும் போன் இருக்கிற காலத்துல வந்த இ-பாஸோட அடிப்படை என்ன? நீ போகாதே, நான் உன்னைக் கவனிக்கவும் மாட்டேன். மாநில அரசுங்க கையில எடுத்த தொற்றுநோய்ச் சட்டம்கூட அந்த பிளேக்குக்காக 1897ல போட்டதுதான்!

கிருமி கோட்டை மதிக்காதுன்னு அரசாங்கத்துக்குத் தெரியாதான்னா, நல்லாத் தெரியும். தமிழ்நாடு சுகாதாரத் துறையோட பூச்சியியல், விலங்கு வழி நோய்கள் ஆய்வு நிறுவனம் சென்னையில இல்லை, எங்க ஓசூர்ல இருக்கு. தமிழ்நாடு, கர்நாடகா, ஆந்திரா மூணும் சேர்ற இந்த வட்டாரத்துல பிளேக் கண்காணிப்பு பல காலமா நடக்குது. எலி எந்த மாநிலம்னு அவங்க கேட்கிறதில்லை. எலிக்கு இருக்கிற மரியாதை மனுஷனுக்கு இல்லை.

நஷ்டத்துக்கு அரசு என்ன செஞ்சது? ஒண்ணுமே செய்யலைன்னு சொல்ல மாட்டேன். ரேஷன் கார்டுக்கு 2020ல ஆயிரம் ரூபாய், 2021ல ரெண்டு தவணையா நாலாயிரம் வந்தது. ரோட்டோர வியாபாரிக்கு 10,000 ரூபாய் கடன் திட்டம் 2020 ஜூன்ல வந்தது. தவணை தள்ளிவைப்பு ஆகஸ்ட் வரைக்கும், வட்டி மட்டும் ஓடிக்கிட்டே இருந்தது. சிறுதொழிலுக்கு அவசரக் கடன்னு ஒண்ணு. அது எப்படின்னா, 2020 பிப்ரவரி 29ல உனக்கு ஏற்கெனவே பாக்கி இருக்கிற கடன்ல 20 சதவீதம் கூடுதலாத் தருவாங்க. கடன் வாங்கியிருந்தவனுக்குக் கடன். கடனே வாங்காம கைக்காசுல கடை நடத்தினவனுக்கு? அவனுக்கு நாமம். இதுல எல்லாமே "ஊரடங்கு நிவாரணம்". "உன் கடையைத் திறக்க விட்டேன், ஆனா உன் வாடிக்கையாளரை வர விடலை, அதுக்காக இந்தா"ன்னு ஒரு பைசா எந்தத் திட்டத்திலயும் கிடையாது. சொத்து வரி, கரண்டு நிலைக்கட்டணம், எல்லாம் வழக்கம் போல.

2021 ரெண்டாவது அலையிலயாவது திருந்தினாங்களா? கர்நாடகா ஏப்ரல் 27ல மூடிடுச்சு. தமிழ்நாடு முழுசா மூடினது மே 10. பதிமூணு நாள் ஒரு பக்கம் முழுப் பூட்டு, ஒரு பக்கம் அரைப் பூட்டு. ஒரே நுரையீரல்ல பாதிக்கு மட்டும் மாஸ்க் போட்ட மாதிரி. அந்த அலையில செத்தவங்க எத்தனை பேர் நம்ம தெருவுலயேன்னு எல்லாருக்கும் தெரியும், அதைப் பத்தி இங்க பேசலை. ரெண்டு கலெக்டரும் ஒரு போன் போட்டு ஒரே நாள்ல மூடி ஒரே நாள்ல திறந்திருந்தா நோயும் கொஞ்சம் கட்டுப்பட்டிருக்கும், கடையும் கொஞ்சம் தப்பிச்சிருக்கும். அதைச் செய்யக் காசு கூட வேணாமே!

நான் கேட்கிறது பெருசா ஒண்ணும் இல்லை. ஓசூர், பாகலூர், தளி இந்தப் பக்கம், ஆனேக்கல் தாலுகா அந்தப் பக்கம், இது நோய்க் காலத்துல ஒரே மண்டலம்னு ரெண்டு அரசும் இப்பவே எழுதி வைக்கணும். வியாதி இல்லாத நாள்ல எழுதணும். வந்த பிறகு எழுதினா மறுபடி ஸ்கேல் எடுத்துக் கோடு போடுவாங்க. மூடணும்னா மண்டலம் பூரா சேர்ந்து மூடு, இல்லை தெருத்தெருவா மூடு. தினம் போய் வர்றவனுக்கு ஒரே அட்டை, ரெண்டு பக்கமும் செல்லணும், கூடைக்காரிக்கும் சேர்த்து. அப்படியும் கோட்டை மூடித்தான் ஆகணும்னா, மூடின நாளைக்கு வாடகையும் வரியும் கேட்காதே.

இப்ப பாருங்க, 2024 ஜூன்ல சட்டமன்றத்துல ஓசூருக்கு வருஷம் மூணு கோடிப் பயணிகள் வர்ற விமான நிலையம்னு அறிவிச்சாச்சு. 2025 ஆகஸ்ட்ல பெங்களூர் மெட்ரோ பொம்மசந்திரா வரைக்கும் வந்தாச்சு, அதை ஓசூர் வரைக்கும் இழுக்கிற பேச்சும் ஓடிக்கிட்டிருக்கு. ரியல் எஸ்டேட் விளம்பரத்துல எல்லாம் ஓசூர் "பெங்களூருக்கு மிக அருகில்". மூணு கோடிப் பேரை வரவழைக்கிற திட்டத்துல, அடுத்த தொற்று வந்தா ஜூஜூவாடியில என்ன பண்ணப் போறோம்னு ஒரு பக்கம் எழுதியிருக்காங்களா? எழுதியிருந்தா காட்டட்டும், நான் இந்தப் பதிவையே தூக்கிடறேன்.

பி.கு: பெங்களூர்ல உட்கார்ந்து படிக்கிற நண்பர்கள் "நாங்க ஆகஸ்ட்லயே திறந்துட்டோமே"ன்னு காலரைத் தூக்க வேணாம். மே 18 உத்தரவு உங்க ஊர்ல இருந்துதான் வந்தது. தலப்பாடியில மண்ணைக் கொட்டினதும் உங்க லாரிதான்.